பொலிக்ஸேனியின் தோளும் ஒன்பது பட்டைக் கொடியும்

பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தால் லாம்பிஸ் 'ஹலோ' சொல்வதில்லை. தையல் மிஷினிலிருந்து காலை எடுக்கும்போதே வேன் சாவி ஒரு கைக்கு வந்துவிடும், ஐஸ் பை இன்னொரு கைக்கு. ஃபோனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு நேராக விஷயத்துக்குப் போய்விடுவான். அன்றைக்கும் அப்படித்தான்.

"எந்தப் பக்கம் சார்? வலது தோளா, இடது தோளா? இல்ல முட்டியா?"

"தோளுமில்ல, முட்டியுமில்ல மேஸ்திரி," என்றார் தலைமையாசிரியர் வம்வாகாஸ். "வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆறாம் வகுப்புல சீட்டுக் குலுக்கினோம். உங்க பொண்ணு பேரு வந்திருக்கு. இருபத்தெட்டாம் தேதி அணிவகுப்புல கொடி பிடிக்கப் போறது அவதான்."

லாம்பிஸ் ஐஸ் பையைக் கீழே வைக்கவில்லை.

"இன்னொரு தடவை குலுக்குங்க," என்றான்.

அவனைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். மகள் மேல் பாசமில்லாதவன் இல்லை. பாசம் அளவுக்கு மிஞ்சிப்போய், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே மூச்சு முட்டும். பொலிக்ஸேனிக்கு வயது பதினொன்று. வாய்க்கு வயது முப்பது. மூட்டுகளுக்கு மட்டும் ஓர் இடத்தில் இருக்கிற பழக்கமே கிடையாது. ஸ்வெட்டரைக் கழற்றினால் தோள் நழுவும். படியில் சட்டென்று திரும்பினால் முட்டிச் சில்லு பக்கவாட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாம் பாட்டில் மூடியைத் திருகினால் கட்டைவிரல் பின்பக்கமாக மடங்கிப் படுத்துவிடும். வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கட்டைவிரலைப் பார்ப்பதற்கு உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வியாபாரம் லாம்பிஸ் காதுக்கு எட்டிய அன்றே இழுத்து மூடப்பட்டது.

முதல் மூன்று வருஷம் டாக்டர்கள், 'வளர்ற பிள்ளை, சரியாயிடும்' என்றார்கள். அடுத்த இரண்டு வருஷம், பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்றார்கள். கடைசியில் ஏதென்ஸில் ஒரு பெரிய டாக்டர்தான், அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார். மூட்டைக் கட்டிப் பிடிக்கிற நாரே பிறவியில் இளகல். ஆபரேஷன் பண்ணினால் பண்ணின இடமே மறுபடி இளகும். தசையைப் பலப்படுத்துங்கள், டேப் ஒட்டுங்கள், பார்த்து நடந்துகொள்ளுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள்.

"மருந்து?" என்று கேட்டான் லாம்பிஸ்.

"வலிச்சா வலி மாத்திரை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

லாம்பிஸுக்கு இது செரிக்கவேயில்லை. கரிஸ்தோஸ் துறைமுகத்தில் இருக்கிற அத்தனை சாப்பாட்டுக் கடைகளுக்கும் கான்வாஸ் பந்தல் தைப்பவன் அவன்தான். படகுகளுக்கு உறை தைப்பவனும் அவன்தான். தையல் விட்டால் மறுதையல் போடு, துணி நைந்தால் ஒட்டுப்போடு. இரண்டும் முடியாது என்று டாக்டரே கையை விரித்தால் மனுஷன் என்ன செய்வான்? பட்டியல் போட்டான். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், கறுப்பு மார்க்கரில், முப்பத்தொரு 'கூடாது'. ஓடக் கூடாது. ஊஞ்சல் கூடாது. கதவை இழுக்கக் கூடாது, தள்ளலாம். ஈரத் தரையில் சாக்ஸுடன் கூடாது. முப்பத்தொன்றுக்குக் கீழே பொலிக்ஸேனி பச்சைப் பேனாவில் தானே ஒன்று சேர்த்திருந்தாள்: 'மூச்சு விடக் கூடாது. அப்பா பக்கத்தில் இருந்தால் விடலாம்.'

அன்று மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் சண்டை ஆரம்பித்தது. பருப்பு சூப். அதுவே பாதிச் சண்டைக்குப் போதும்.

"முடியாது," என்றான் லாம்பிஸ்.

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கல," என்றாள் பொலிக்ஸேனி.

"கேக்கப் போறேல்ல? அதுக்கும் சேத்துத்தான்."

"அப்பா, இருபத்தெட்டாம் தேதி எதுக்குக் கொண்டாடுறோம்னு ஞாபகம் இருக்கா? அந்தக் காலத்துல அந்நியப் படைக்கு நம்ம ஆளுங்க ஒரே ஒரு தடவை 'முடியாது'ன்னாங்க. அதுக்கு ஊரு ஊரா விடுமுறை, அணிவகுப்பு. நீ ஒரு நாளைக்கு நாப்பது தடவை சொல்றியே, உனக்குத் துறைமுகத்துல சிலையே வைக்கலாம்."

அவன் மனைவி எவாந்தியாவுக்குச் சிரிப்பு வந்து சூப் மூக்கில் ஏறிவிட்டது. கப்பல் டிக்கெட் கொடுக்கும் கூண்டில் நாள் முழுக்கப் பயணிகளுடைய வசவைக் கேட்கிறவள். வீட்டில் யாராவது நன்றாகத் திட்டினால் ரசித்துக் கேட்பாள்.

"சிரிக்காத எவாந்தியா. இந்த ஊர்க் காத்து உனக்குத் தெரியாதா? உன் கப்பலே பாதி நாள் கரைய விட்டுக் கிளம்பல. அந்தக் கம்பும் கொடியும் காத்துல சிக்கினா பாய்மரம் மாதிரி இழுக்கும். இவ தோளு ஸ்வெட்டருக்கே தாங்கல."

"தாங்காதுன்னா அவ சொல்லட்டும். தோளு அவளோடது," என்றாள் எவாந்தியா. "ஏழு வருஷமா அவ பேரு எந்தப் பட்டியல்லயாவது வந்திருக்கா? விளையாட்டுல கிடையாது. நடனத்துல கிடையாது. சுற்றுலா போனா பஸ்ஸிலயே உக்காந்திருக்கா. சீட்டுக்கு இவ மூட்டு தெரியாது பாரு, அதான் வந்திருக்கு."

பொலிக்ஸேனி கரண்டியை வைத்துவிட்டாள். வாய் முப்பது வயது என்று சொன்னேனே, அது அப்போது பதினொன்றுக்கு இறங்கிவிட்டது.

"எனக்கு வேணும்ப்பா," என்றாள். "ரொம்ப வேணும்."

லாம்பிஸ் எழுந்து கடைக்குப் போய்விட்டான். கடை மூடியிருக்கிற நேரம் அது. இருந்தாலும் போய்விட்டான்.

அவன் பயத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அவனாகச் சொல்ல மாட்டான், நான் சொல்கிறேன். அவளுக்கு நாலு வயசு. மழை விட்ட ஒரு காலை, ரொட்டிக் கடை வாசலில் ஒரு குட்டை. 'ஹோப்பா!' என்று சொல்லி, எல்லா அப்பன்களும் செய்கிற மாதிரி அவள் கையைப் பிடித்துத் தூக்கித் தாண்டவிட்டான். தோளில் 'டொக்' என்று ஒரு சத்தம். அதுதான் முதல் தடவை. எந்த அப்பன் தூக்கியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று ஏதென்ஸ் டாக்டர் இரண்டு தடவை விளக்கினார். லாம்பிஸ் தலையாட்டினான், நம்பவில்லை. என் பிள்ளையை நான்தான் பிய்த்தேன் என்று அவனுக்குள் ஒருத்தன் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டேயிருக்கிறான். அந்த ஒருத்தன் எழுதியதுதான் குளிர்சாதனப் பெட்டிப் பட்டியல்.

மறுநாள் காலை லாம்பிஸ் பள்ளிக்கூடத்துக்குப் போனான். வம்வாகாஸ் நல்ல மனுஷர். காகிதம் இல்லாமல் எதையும் செய்ய மாட்டார், அது ஒன்றுதான் குறை.

"மறுபடி குலுக்க முடியாது மேஸ்திரி. முடிவை எழுதி, ஆறு டீச்சர் கையெழுத்துப் போட்டாச்சு. வேண்டாம்னா பெத்தவங்க உறுதிமொழிப் படிவம் எழுதிக் குடுக்கணும். அடுத்த பேரு மிர்த்தோ. அவளுக்குப் போயிடும்."

"படிவம் குடுங்க."

"தாராளமா. ஆனா ஒண்ணு. யோசிச்சு எழுதுங்க. குடுத்ததத் திருப்பி வாங்க முடியாது. அணிவகுப்பு நடுவுலயும் அதே விதிதான். கொடி பிடிக்கிறவ முடியாம பக்கத்துல வர்ற துணைப் பிள்ளைங்க யாருகிட்டயாவது குடுத்துட்டா, குடுத்ததுதான். கடைசி வரைக்கும் அவங்கதான் பிடிக்கணும். போன வருஷம் ரெண்டு பேரு மாத்தி மாத்திப் பிடிச்சு, ரெண்டு வீட்டுக்காரங்களும் எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க."

லாம்பிஸ் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

"வந்ததுதான் வந்தீங்க," என்று அலமாரியைத் திறந்தார் வம்வாகாஸ். "போன மார்ச்சு காத்துல கொடியோட ஓரம் நைஞ்சுபோச்சு. மடிச்சு அடிச்சுக் குடுத்துடுங்களேன். உங்க கை பட்டா பத்து வருஷம் நிக்கும்."

இப்படியாக லாம்பிஸ் ஒரு பையில் படிவமும் இன்னொரு பையில் நாட்டுக் கொடியுமாக வெளியே வந்தான். அந்த ஆளிடம் கொடியைக் கொடுத்தது வம்வாகாஸ் செய்த தப்பு. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் ஒரே கும்மாளம். தாயும் மகளும் அவனுடைய பந்தல் கம்பு ஒன்றில் படுக்கை விரிப்பைக் கட்டிக்கொண்டு, ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு என்று நடந்துகொண்டிருந்தார்கள். லாம்பிஸ் படிக்கட்டு முனையில் மறைந்து நின்று பார்த்தான்.

"பாரும்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள் பொலிக்ஸேனி. "தோள்வாரு இங்க மாட்டியிருக்கு. கம்போட அடி இந்த இடுப்புக் கிண்ணத்துல நிக்குது. பாரத்த இடுப்புக்குக் குடுத்துட்டா தோளுக்கு வேலையே இல்ல. முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டி. கை சும்மா கம்புக்கு வழி காட்டுது, அவ்வளவுதான்."

"இத யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லிக் குடுப்பா? நான் என்ன நாட்டிலயே பெரிய தோள் நிபுணர்னு உனக்குத் தெரியாதா?"

அப்போது ஒரு சின்னக் காற்று. விரிப்பு புடைத்தது. பொலிக்ஸேனி நின்றாள். "ஒரு நிமிஷம்," என்று கம்பைத் தாயிடம் கொடுத்தாள். கொஞ்சம் முன்னால் குனிந்து, இடது கையால் வலது முழங்கையைப் பிடித்து, கதவுத் தாழ்ப்பாளைப் போடுகிற மாதிரி தோளை உள்ளே தள்ளினாள். முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு, "கொடு," என்று கம்பை வாங்கிக்கொண்டாள். "ராத்திரிக்கு என்ன சாப்பாடு? மறுபடி பருப்புன்னா நான் மிர்த்தோ வீட்டுக்குப் போயிடுவேன்."

லாம்பிஸ் சத்தமில்லாமல் படியிறங்கினான். அவள் தோளைத் தானே போட்டுக்கொள்வாள் என்பது அவனுக்குத் தெரியும். இத்தனை சாதாரணமாகப் போட்டுக்கொள்வாள் என்பது தெரியாது. பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. இரண்டில் எதை நம்புவது என்று புரியாமல் கடைக்குப் போனான்.

மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை கரிஸ்தோஸ் தூங்கும். அந்த நேரத்தில் மிஷினை ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து குடும்பத்தையே சபிப்பார். ஆகவே சத்தம் வராத வேலைதான் செய்ய முடியும். லாம்பிஸ் கொடியை மேசையில் விரித்தான். ஒன்பது பட்டை. நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை. ஒவ்வொன்றும் தனித் துணி. ஒன்றோடொன்று வைத்துத் தைத்தது. நல்ல தையல். காற்று நுழைய ஊசிமுனை இடம் இல்லை.

அங்கேதான் அவனுடைய தொழில் மூளை வேலை செய்தது. வடகாற்றுக்கு முகம் காட்டுகிற பந்தலுக்கு அவன் என்ன செய்வான்? துளை விடுவான். காற்று போக வழி விட்டால் பந்தல் இழுக்காது. இந்த ஊரில் அவன் பந்தல்கள் மட்டும் பறக்காததற்கு அதுதான் ரகசியம். பந்தலுக்கு ஆகிறது கொடிக்கு ஆகாதா? மேல் மூலையில் சிலுவை தைத்திருக்கிற பக்கம் கை வைக்கக் கூடாது, அது பாவம். கீழ்ப் பட்டைகளுக்கு நடுவில், அங்கே நாலு விரல், இங்கே நாலு விரல், தையலைப் பிரித்துவிட்டால் போதும். யாருக்குத் தெரியப் போகிறது?

பிரித்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். இன்னும் கொஞ்சம் பிரித்தான். பந்தலுக்குத் துளை விட்டால் அதன் ஓரத்தைச் சுற்றிக் கெட்டித் தையல் போட வேண்டும் என்பது அவன் கடையில் கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் கெட்டித் தையல் போட்டால் பளிச்சென்று தெரிந்துவிடுமே! போடவில்லை. இருபது வருஷத் தொழில்காரன், பயத்தில் முதல் பாடத்தையே மறந்தான்.

நைந்த ஓரத்தை மட்டும் ஒழுங்காக மடித்து அடித்தான். வேலை முடிந்ததும் உறுதிமொழிப் படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்துப் போட்டான். சாயங்காலம் வீட்டுக்குப் போய், "சரி, பிடி," என்றான் மகளிடம்.

பொலிக்ஸேனி கத்திக்கொண்டு குதிக்கப் போனாள். குதிப்பது பட்டியலில் ஏழாம் எண் 'கூடாது' என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டு, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எவாந்தியா மட்டும் புருஷனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னய்யா திடீர்னு?"

"ஏன், நான் நல்லவனா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஆனா நீ கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கிறியே."

இருபத்தெட்டாம் தேதி விடிந்தது. கப்பல் இல்லை. கபோ தோரோ முனையைச் சுற்றிக்கொண்டு வந்த வடகாற்றில் துறைமுகத்து நாற்காலிகள் தாமாகவே இடம் மாறி உட்கார்ந்துகொண்டிருந்தன. பொலிக்ஸேனி வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, வெள்ளைக் கையுறை. சட்டைக்குள்ளே வலது தோளைச் சுற்றி மூன்று வரி டேப். அவளுடைய ஞானத்தாய் ஸ்தமாத்தியா வந்து, கண்ணேறு படாமலிருக்க நீலக் கண் வரைந்த மணியை அந்த டேப் மேலேயே குத்தப் பார்த்தாள்.

"அங்க வேண்டாம் ஞானம்மா, அது எனக்கு எலும்பு மாதிரி," என்று பாவாடை ஓரத்தைக் காட்டினாள் பொலிக்ஸேனி.

"த்பூ, த்பூ, த்பூ! என் ராணி! ஊர்க் கண்ணு பூரா உன் மேலதான்," என்று ஸ்தமாத்தியா துப்பிய துப்பலில் கையுறையைத் துடைக்க வேண்டியதாயிற்று.

லாம்பிஸ் கயிற்றுக்குப் பின்னால் முதல் வரிசையில் இடம் பிடித்தான். பள்ளிக்கூடத்திலிருந்து மேடைவரை கடலோரச் சாலை, ஐநூறு மீட்டர் இருக்கும். மேடையில் மேயர், பாதிரியார், துறைமுக அதிகாரி. பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. முனை திரும்பி முதலில் வந்தது கொடி. அதன் கீழே பொலிக்ஸேனி. பின்னால் மிர்த்தோவும் மற்ற நான்கு துணைப் பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடம் முழுக்க.

அடடா, அந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழங்கைகள் விலாவோடு, கம்பு நேராக, தாடை மேலே. ஒரு தடவைகூட முட்டி நழுவவில்லை. லாம்பிஸுக்குத் தெரிந்த முகங்களெல்லாம் அவனைத் திரும்பிப் பார்த்தன. ரொட்டிக் கடைக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். எவாந்தியா ஃபோனில் படம் பிடித்துக்கொண்டே, மகளுடைய நடைக்கு ஈடாகக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு ஓடினாள்.

கடல் பக்கம் திறந்த இடத்தில் காற்று அடித்தது. கொடி மடாரென்று விரிந்தது. ஆனால் இழுக்கவில்லை! பிரித்த இடங்களில் காற்று புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. 'ஊஊ' என்று மெல்ல ஒரு விசில் சத்தம்கூட. எந்த டாக்டரும் செய்ய முடியாததைக் கடைசியில் நான் செய்துவிட்டேன் என்று லாம்பிஸ் நெஞ்சை நிமிர்த்தினான். அந்தச் சந்தோஷம் சரியாகப் பத்து அடி தூரம் நீடித்தது.

மேடைக்கு முன்னால் பெரிய வீச்சு ஒன்று வந்தது. கெட்டித் தையல் இல்லாத துளைகள் கிழிந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. 'சர்ர்ர்' என்ற சத்தம் பேண்டையும் மீறிக் கேட்டது. கீழ்ப் பட்டைகள் மூன்றும் கொடியைவிட்டுப் பிரிந்து, நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கம் சாட்டையடி அடித்தன. கம்பு இடதுபக்கம் ஒரு இழுப்பு, வலதுபக்கம் ஒரு இழுப்பு.

பொலிக்ஸேனியின் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பை லாம்பிஸ் நன்றாக அறிவான். தோள் போய்விட்டது. மறுபடியும் என் கையால்தான், என்று அவனுக்குள் இருந்த அந்த ஒருத்தன் அலறினான்.

கொடி சாயவில்லை. அவள் இடது கையால் கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் நின்ன எடத்திலயே நடங்க!" என்று கத்தினாள். பள்ளிக்கூடம் முழுக்க மேடைக்கு எதிரே நின்ற இடத்திலேயே ஒண்ணு ரெண்டு போட ஆரம்பித்தது. இது தனக்கான விசேஷ மரியாதை என்று நினைத்துத் துறைமுக அதிகாரி விறைப்பாக சல்யூட் அடித்தார். மேயர் கை தட்டினார். ஊரே தட்டியது.

மிர்த்தோ கையை நீட்டினாள். "குடுத்துடு க்ஸேனி. நான் பிடிக்கிறேன்."

"உங்கிட்ட குடுத்தா திரும்பி வராதே!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் பொலிக்ஸேனி.

லாம்பிஸ் கயிற்றுக்கு அடியில் நுழைந்தது அவனுக்கே தெரியாது. ஒரு போலீஸ்காரர் அவன் கோட்டைப் பிடித்தார். கோட்டு அவரிடம் தங்கிவிட்டது. நடு ரோட்டில், மேடைக்கு நேர் எதிரே, சட்டையோடு போய் மகளின் முன்னால் நின்றான்.

"வா கண்ணு. போதும். வீட்டுக்குப் போலாம்."

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இதப் பிடி," என்றாள் பொலிக்ஸேனி. "நீ துணைப் பிள்ளை இல்ல. உன்னப் பத்தி விதில ஒண்ணும் இல்ல."

கம்பு அவன் கையில் இருந்தது. அப்போதுதான் லாம்பிஸுக்கு அதன் கனம் தெரிந்தது. காற்று அவனையே ஒரு அடி பின்னால் தள்ளியது. முப்பது கிலோ கான்வாஸை ஏணியில் ஏற்றுகிற கை அவனுடையது. அந்தக் கையே கம்பை நேராக நிறுத்தத் திணறியது. இதையா இவள் ஐநூறு மீட்டர் கொண்டுவந்தாள்?

"நீதானே தையலப் பிரிச்சே?" என்றாள் அவள், குனிந்து முழங்கையைப் பிடித்தபடி. "காலைலயே பாத்தேன். இந்த ஊருல கொடிக்கு ஜன்னல் வைக்கிற ஆளு வேற யாரு?"

"பாத்தியா? பாத்துட்டா தூக்கினே?"

"சொன்னா நீ படிவம் எழுதிக் குடுத்திருப்பே. பேசாம அந்தப் பட்டைங்களக் கட்டு."

லாம்பிஸ் கட்டினான். ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, பறக்கிற மூன்று பட்டைகளையும் இழுத்து, கம்போடு சுற்றி, புயலுக்குப் படகு உறை கட்டுகிற முடிச்சைப் போட்டான். கண்ணில் தண்ணீர். காற்றுதான் என்று அவன் பின்னால் எல்லோரிடமும் சொன்னான். பக்கத்தில் 'டொக்' என்று சத்தம் கேட்டது. பொலிக்ஸேனி நிமிர்ந்தாள். நெற்றியில் வியர்வை. கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

"கொடு," என்றாள்.

லாம்பிஸ் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்று நினைத்தானா என்றால் அதுவும் இல்லை. விரல்கள் விடவில்லை. இருநூறு பிள்ளைகள் ஒண்ணு ரெண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். வம்வாகாஸ் மேடையருகே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே மேட்டுப் பக்கம் காத்து இதவிட மோசம், பொண்ணே."

"தெரியும்."

"மறுபடி எறங்கினா?"

"ஏத்திக்குவேன். தினமும் அதத்தானே பண்றேன்?"

"நான்தான்... அன்னிக்கும் நான்தான், இன்னிக்கும்..."

"அப்பா," என்றாள் பொலிக்ஸேனி. கேலி இல்லாத குரல். "இது சரியாகாதுப்பா. ஏதென்ஸ் டாக்டர் சொன்னாரில்ல? நான் இப்படியேதான் இருக்கப் போறேன். இப்படியே கொடி பிடிக்கிறதுன்னா இன்னிக்கு மட்டும்தான். அழறதுன்னா அப்புறம் அழு. இப்ப கொடு."

அவன் சுண்டுவிரலை எடுத்தான். பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்தது. கட்டைவிரல்தான் கடைசிவரை அடம்பிடித்தது. அவள் கம்பை இடுப்புக் கிண்ணத்தில் இறக்கி, முழங்கைகளை விலாவோடு சேர்த்து, தாடையைத் தூக்கினாள். கொடி பாதியாகத்தான் இருந்தது. ஆனால் நேராக இருந்தது.

"ஒண்ணு!" என்றாள். பள்ளிக்கூடம் நகர்ந்தது. மேடையைத் தாண்டும்போது எல்லோரும் அதிகாரிகள் பக்கம் முகம் திருப்ப வேண்டும் என்பது முறை. அவளும் திருப்பினாள், ஆகவே அவளுடைய பின்னந்தலைதான் அவனுக்குத் தெரிந்தது. பேண்டுக்கு மேலே எங்கிருந்தோ எவாந்தியாவின் குரல், அழுகையும் சிரிப்புமாக, "என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று கேட்டது.

லாம்பிஸ் நடு ரோட்டில் நின்றான். கைகள் இரண்டும் கம்பைப் பிடித்த மாதிரியே நெஞ்சுக்கு நேரே இருந்தன. ஐந்தாம் வகுப்பு அவனைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போயிற்று. நாலாம் வகுப்பும் அப்படியே. கடைசி வரிசையில் முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண். சுற்றிப் போக அவளுக்கு மனமில்லை. அவன் வயிற்றுக்கு நேரே வந்து, காலை மாற்றாமல், தலையை அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, வழி விடுங்க."

லாம்பிஸ் வழி விட்டான்.